ஜெர்மனிக்குப் படிக்க வந்து இரண்டு மாதம் ஆகிறது, ஊர் ஒட்டவே இல்லை. திரும்பிவிடலாமா? நீங்கள் எப்படிப் பழகினீர்கள்?

"வகுப்பு முடிந்தால் அறைக்குப் போகக் கால் வரவில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தப் பதில்.

2022 அக்டோபரில் டார்ட்மண்டில் எனக்கும் கால் வரவில்லை. அங்கே பல்கலைக்கழகத்தின் வடக்கு, தெற்கு வளாகங்களுக்கு நடுவே எச்-பான் என்று ஒரு குட்டி ரயில் 1984லிருந்து ஓடுகிறது. தண்டவாளம் மேலே இருக்கும், பெட்டி அதில் தொங்கிக்கொண்டு போகும். செமஸ்டர் டிக்கெட் இருந்ததால் தனியாகக் காசு வேண்டாம். சாயங்காலம் ஏறினால் வடக்கும் தெற்குமாகப் போய்க்கொண்டே இருப்பேன். அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தை மாற்றியதும் ஊருக்கும் எங்களுக்கும் நாலரை மணி நேர வித்தியாசம் ஆகிவிட்டது. நான் ஆறு மணிக்கு ஓய்ந்து போனை எடுத்தால் அங்கே பத்தரை, அம்மா தூங்கியிருப்பார்.

மொழி படியுங்கள், சமைத்துப் பழகுங்கள் என்று மற்றவர்கள் சொல்லியிருப்பதில் தப்பில்லை. ஆனால் "இப்போதைக்கு ஒரு சீனியர் அறையில்" என்று நீங்கள் போகிற போக்கில் எழுதியிருப்பதுதான் எனக்கு உறுத்துகிறது. அந்த விலாசத்தில் உங்களுக்கு அன்மெல்டுங், அதாவது நகராட்சியில் விலாசப் பதிவு, ஆகிவிட்டதா?

எனக்கு ஆகவில்லை. நம் நாட்டு சீனியர் ஒருவர், அக்கா அக்கா என்றுதான் கூப்பிடுவேன், வீட்டுக்காரருக்குத் தெரியாமல் பாதி அறையை எனக்கு 320 யூரோவுக்கு விட்டிருந்தார். குடிவந்த இரண்டு வாரத்துக்குள் நகராட்சியில் விலாசம் பதிய வேண்டும் என்பது சட்டம். அதற்கு வீடு கொடுத்தவர் கையெழுத்துப் போட்ட தாள் வேண்டும். கேட்டபோதெல்லாம் "அடுத்த வாரம் பாத்துக்கலாம்மா" என்பார். கீழே தபால் பெட்டியில் என் பேரை ஒட்டவும் விடவில்லை. அந்த நாட்டில் பெட்டியில் பேர் இல்லாவிட்டால் கடிதம் திரும்பிப் போய்விடும். என் இன்சூரன்ஸ் அட்டை அப்படித்தான் திரும்பிப் போனது.

பதிவு இல்லாததால் எனக்கு வாய்த்த வங்கி கணக்கு திறக்கவில்லை. கணக்கு இல்லாததால், விசாவுக்காக முன்கூட்டியே போட்டு மாதாமாதம் கொஞ்சம் மட்டும் எடுக்க முடிகிற பிளாக்டு அக்கவுண்டில் கிடந்த 10,332 யூரோவிலிருந்து மாதம் வரவேண்டிய 861 வரவில்லை. வீட்டை அடமானம் வைத்து அனுப்பிய பணம் அங்கே பூட்டிக் கிடக்க, கையில் கொண்டுவந்த நோட்டை எண்ணி எண்ணி ரொட்டி வாங்கினேன். அந்த நாட்களில் வந்த அழுகையை ஊர் ஏக்கம் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு சீனியர் செய்ததற்கு எல்லா இந்தியரையும் குறை சொல்கிறேன் என்று யாரும் வர வேண்டாம். என்னைக் கரையேற்றியவரும் தமிழர்தான். டார்ட்மண்டிலிருந்து ஹம் நகரம் ரயிலில் அரை மணிக்குள். அங்கே தொழிற்சாலைகளுக்கு நடுவே ஈழத்தமிழர்கள் எழுப்பி 2002ல் குடமுழுக்குச் செய்த காமாட்சி அம்பாள் கோயில் இருக்கிறது. ஒரு வெள்ளிக்கிழமை போய் மண்டபத்தில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் வந்த அம்மா ஒருவர் "சாப்பிட்டனீங்களோ பிள்ளை?" என்றார். அடுத்த கேள்வி, "பதிவு போட்டாச்சோ?" நான் விழித்ததைப் பார்த்தே புரிந்துகொண்டார். அகதியாக வந்தவர். "விலாசம் இல்லாமல் நாங்கள் பட்ட பாடு காணும். பதிவில்லாத வீட்டில இருக்காதேங்கோ" என்றார். விடுதி அறைக்கு இமெயில் போட்டுக் காத்திருக்காமல் நேரில் போய்க் கேட்கச் சொன்னார். அவர் மகன் அப்படித்தான் அறை எடுத்தானாம்.

மாணவர் விடுதிகளை நடத்தும் ஸ்டுடீரெண்டன்வெர்க் அலுவலகத்துக்கு மூன்று முறை போனேன். மூன்றாவது முறை, வருவதாகச் சொல்லி வராமல் போன யாரோ ஒருவரின் அறை கிடைத்தது. நவம்பர் கடைசி.

இந்த இடத்தில் ஒன்றைக் கொட்டிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். அப்பா சிவகாசியில் அச்சகத்தில் கட்டிங் மெஷின் ஓட்டுகிறார். கல்விக்கடனுக்காக ஒன்பது தடவை அரைநாள் சம்பளத்தை விட்டுவிட்டு வங்கிக்குப் போனார். மேலாளர் நாற்காலி கூடப் போடாமல், "பொண்ணு படிப்புக்கு வீட்ட வைக்கிறீங்களே, நாளைக்குக் கல்யாணத்துக்கு என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டார். என் தம்பிக்காகப் போயிருந்தால் அந்தக் கேள்வி வந்திருக்காது. கடனில் முக்கால்வாசி அடைத்துவிட்டேன், அந்தக் கோபம் மட்டும் அடையவில்லை.

விடுதிக்குப் போன அன்று காப்பாளர் ஒப்பந்தத்தைப் பார்த்து, கட்டைவிரல் நீளத்தில் ஒரு வெள்ளைத் துண்டில் பேர் அடித்துத் தபால் பெட்டியில் ஒட்டினார். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டத்தில் அப்பா பேர்தான் இருக்கிறது. அதனால் பெட்டியிலும் அப்பா பேர் மட்டும். போட்டோ எடுத்து அனுப்பினேன். அப்பா உடனே கூப்பிட்டு, "வலது பக்கம் ஏறியிருக்கேம்மா, லேபிள நேரா ஒட்டச் சொல்லக் கூடாதா?" என்றார். அப்புறம் கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

அதன்பிறகு கடிதமாக வந்தது. வரி எண், வங்கி அட்டை, டிவி, ரேடியோவுக்காக வீட்டுக்கு ஒன்று என்று வாங்கும் ஒலிபரப்புக் கட்டணம் மாதம் 18.36 யூரோ. அதை விடுதியில் ஒரே சமையலறையைப் பகிர்ந்த நாலு பேரும் பங்கு போட்டு ஆளுக்கு 4.59 கொடுத்தோம். அந்தக் கணக்குப் பேச உட்கார்ந்த ராத்திரிதான் கூட இருந்தவர்களோடு முதல்முறையாக முழுசாகப் பேசினேன். சமையலறைச் சுவரில் யார் எந்த வாரம் துடைப்பது என்ற பட்டியலில் என் பேரும் ஏறியது. நாலரைக்கெல்லாம் இருட்டும் டிசம்பரில் அந்தச் சமையலறைக்குப் போகக் கால் தானாக வந்தது.

எல்லாருக்கும் இதுதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. பதிவெல்லாம் முடிந்தும் உங்களுக்கு இப்படியே இருந்தால் பல்கலைக்கழக ஆலோசகரிடம் போங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. திரும்பிப் போவதும் கேவலமில்லை. ஆனால் முடிவெடுக்கும் முன் பதிவு தருகிற ஓர் அறைக்கு மாறிப் பாருங்கள். அறை பார்க்கப் போனால் வாடகை எவ்வளவு என்பதற்கு முன்னால் அன்மெல்டுங் தருவீர்களா என்று கேளுங்கள். எந்த ஊர் என்று கீழே எழுதுங்கள், பக்கத்தில் தெரிந்தவர்கள் இருந்தால் விசாரித்துச் சொல்கிறேன்.