ஊரடங்கில் கடலுக்கே போக முடியாதபோது கடல் நீச்சல் குழுக்கள் எப்படிக் கலையாமல் இருந்தன?

கடல் நீச்சல் என்றால் நீச்சல் குளத்தில் இருக்கும் கயிறோ சுவரோ இல்லாமல் அலையிலும் நீரோட்டத்திலும் நீந்துவது. கடலே இல்லாத நம்ம சேலத்தில்கூட இது புரியும்: தோட்டத்துக் கிணற்றில் ஒருவர் குதித்தால், தலை மேலே வருகிறதா என்று மேட்டில் இன்னொருவர் நின்று பார்ப்பார் இல்லையா, அதே மாதிரிதான்.

காரணமும் அதுதான். தனியாக இறங்கக் கூடாது என்பதால் ஒருவர் உயிரை இன்னொருவர் கவனித்தே பழகியவர்கள், 2020 மார்ச்சில் எல்லாம் அடைபட்டபோது அந்தக் கவனிப்பை விடவில்லை. வாட்ஸ்அப்பில் நலம் கேட்பது, விடிகாலை வழக்கமான நேரத்துக்கு ஜூமில் கூடி ஜன்னல் கம்பியில் ரப்பர் பட்டை கட்டிக் கை வீசுவது, அப்புறம் சும்மா பேசிக்கொண்டிருப்பது. என்னைக் கேட்டால் பயிற்சியைவிட அந்தப் பேச்சுதான் முக்கியம். கைவலிமை போனால் திரும்ப வரும், துணை போனால் தண்ணீரில் இறங்கவே முடியாது. இங்கிலாந்தில் 2020 மே மாதமே வேறு வீட்டவர் ஒருவரோடு சேர்ந்து நீந்தலாம் என்று விட்டார்கள். இங்கே நீச்சல் குளங்களை எல்லோருக்கும் திறக்க மத்திய அரசு அனுமதித்தது 2021 பிப்ரவரியில்தான்.

தண்ணீர் வழியாகக் கொரோனா பரவும் என்பதால் மூடினார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, கரையிலும் உடைமாற்றும் அறையிலும் நெருங்கி நிற்பவர்களின் மூச்சுக்காற்றுதான் பிரச்சினை.