ஃபியூஸ் பொய் சொல்லாது: பைக் ஆடியோ கேள்வி-பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பாதி, "எந்த ஸ்பீக்கர் நல்லது?" என்ற ஒற்றை வரி. வண்டியின் பெயர் இல்லை, ஆண்டு இல்லை, பட்ஜெட் இல்லை. அவற்றை ஓரம் வைத்துவிட்டேன். மீதியில் சில.

ஹார்லி ஸ்ட்ரீட் கிளைடில் கம்பெனி ஸ்பீக்கரை மட்டும் மாற்றினால் போதுமா, ஆம்ப்ளிஃபயரும் வேண்டுமா? (கோவை வாசகர்)

நீங்களும் ஆண்டை எழுதவில்லை. 2013 வரை வந்த வண்டியானால், ரேடியோவும் ஸ்பீக்கரும் 2 ஓம் (மின்தடை அளவு) கணக்கில் இணைந்தவை. அங்கே 4 ஓம் ஸ்பீக்கரை வாங்கி மாட்டினால் ரேடியோ தருகிற சக்தி ஏறக்குறைய பாதியாகிவிடும். "புது ஸ்பீக்கர், ஆனால் சத்தம் குறைந்துவிட்டதே" என்று அடுத்த மாதம் எழுதுவீர்கள். 2014 முதல் வந்ததானால் சிக்கல் வேறு. ஒலியளவைக் கூட்டக் கூட்ட பேஸைத் (கனத்த தாழ்ந்த ஒலியை) தானே குறைத்துக்கொள்ளும்படி ரேடியோவை அமைத்திருக்கிறார்கள். கம்பெனி ஸ்பீக்கர் கிழியாமல் இருக்க அந்த ஏற்பாடு. ஆம்ப் போடுகிறவர்கள் டீலரிடம் ரேடியோவை ஃபிளாஷ் செய்யாமல் (அதன் மென்பொருளை மாற்றாமல்) விட்டால் போட்ட பணம் பாதி வீண்.

எதை முதலில் வாங்குவது? ஸ்பீக்கரைத்தான், அதிலும் சென்சிடிவிட்டியை (ஒரு வாட்டுக்கு எவ்வளவு சத்தம் தரும் என்ற எண்ணை) பார்த்து. 88 டெசிபல் ஸ்பீக்கருக்குப் பதில் 91 டெசிபல் ஸ்பீக்கர் போடுவது, ஆம்பின் வாட்டை இரட்டிப்பாக்குவதற்குச் சமம்.

ஆன்லைனில் 1,000 வாட் ஆம்ப் நாலாயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது. என் 350 சிசி வண்டி அதைத் தாங்குமா? (மதுரை வாசகர்)

தாராளமாகத் தாங்கும். அதில் 1,000 வாட் இருந்தால்தானே தாங்காமல் போக!

இந்தக் கேள்விக்கு எத்தனை முறை பதில் எழுதிவிட்டேன் என்று எனக்கே கணக்கில்லை. பெட்டியின் மேல் அச்சடித்த எண்ணை மறந்துவிடுங்கள். ஆம்பைத் திருப்பி, வயர் நுழைகிற பக்கத்தைப் பாருங்கள். கத்தி வடிவ ஃபியூஸ் ஒன்று செருகியிருக்கும், அதன் முதுகில் ஓர் எண் இருக்கும். பெரும்பாலும் 15, அதாவது 15 ஆம்பியர். வண்டி ஓடும்போது பேட்டரியில் ஏறக்குறைய 13.5 வோல்ட். இரண்டையும் பெருக்கினால் 200 வாட். அந்த ஆம்ப் உள்ளே இழுக்கக்கூடிய மொத்தமே அவ்வளவுதான். கிளாஸ் டி (வெப்பமாக வீணாக்குவது குறைந்த வகை) ஆம்பானால் அதில் எண்பது சதவீதம் ஸ்பீக்கருக்குப் போகும். நான்கு சேனலுக்குப் பிரித்தால் தலைக்கு 40 வாட். பழைய கிளாஸ் ஏபி ஆனால் பாதி வெப்பமாகப் போய், தலைக்கு 25 வாட் மிஞ்சும். ஆயிரம் எங்கே, இருபத்தைந்து எங்கே!

நானும் ஏமாந்தவன்தான். தொழிலுக்கு வந்த புதிதில் "1,200 வாட்" என்று தங்க எழுத்தில் போட்ட ஒன்றைக் கடைக்காரர் பேச்சை நம்பி வாங்கினேன். வாடிக்கையாளர் வண்டியில் மாட்டிய மூன்றாம் நாள் ட்வீட்டர் (கீச்சொலிக்கான சிறு ஸ்பீக்கர்) இரண்டும் கருகிவிட்டன. மூடியைத் திறந்தால், தீப்பெட்டி அளவுப் பலகையும், கனம் தெரிவதற்காக ஒட்டிய இரும்புத் துண்டும். ட்வீட்டரைக் கொன்றது அதிக வாட் என்று அன்று நினைத்தேன். உண்மையில் கொன்றது குறைந்த வாட்தான். சக்தியில்லாத ஆம்பை முழுதாகத் திருகினால் அலையின் உச்சி வெட்டுப்படும். வெட்டுப்பட்ட அலை ட்வீட்டரைச் சுடும்.

ஆகவே ஆர்எம்எஸ் வாட்டை, அதாவது தொடர்ந்து தரக்கூடிய சக்தியை, மட்டும் பாருங்கள். சிடிஏ-2006 என்ற அளவீட்டு முறைப்படி சோதித்தது என்று போட்டிருந்தால் நம்பலாம். அது 14.4 வோல்ட்டில், 4 ஓம் சுமையில், ஒரு சதவீதத்துக்கு மேல் சிதைவில்லாமல் அளந்த எண்.

உங்கள் வண்டிக்கு வருகிறேன். ஹெட்லைட்டைப் போட்டு, ஐடிலில் பேட்டரி முனையில் மல்டிமீட்டர் வையுங்கள். 13 வோல்ட்டுக்குக் கீழே காட்டினால் ஆம்ப் ஆசையை விடுங்கள். மேலே காட்டினால், நேர்மையான 2 சேனல் ஆம்ப், தலைக்கு 30 வாட், அதற்கு மேல் வேண்டாம். பேட்டரியிலிருந்து ஒரு முழத்துக்குள் ஃபியூஸ். ஒரு முழத்துக்குள்!

ஹோண்டா கோல்ட் விங்கில் 110 கிலோமீட்டர் வேகத்தில் பாட்டே கேட்பதில்லை. எவ்வளவு பெரிய ஆம்ப் போட வேண்டும்? (ஈப்போ வாசகர்)

ஆம்ப் போட்டுத் தீராது. அந்த வேகத்தில் ஹெல்மெட்டுக்குள் காற்றின் இரைச்சலே நூறு டெசிபலைத் தொடும். அதைத் தாண்டிக் கேட்க நீங்கள் கூட்டுகிற ஒவ்வொரு 10 டெசிபலுக்கும் பத்து மடங்கு சக்தி வேண்டும். 25 வாட்டை 250 ஆக்கினால்தான் காதுக்கு "இரண்டு மடங்கு" என்று தோன்றும். முதலில் காற்றைத் தடுக்கும் முன்கண்ணாடியை உயர்த்திப் பாருங்கள். 2018-க்குப் பிந்தைய வண்டியில் பொத்தானை அழுத்தினால் போதும், செலவே இல்லை. நெடுந்தூரம் போகிறவரானால் ஹெல்மெட் ஸ்பீக்கர்தான் வழி. 100 டெசிபலில் காது பத்திரமாக இருப்பது நாளுக்குக் கால் மணி நேரம் மட்டும். போன செவித்திறன் சர்வீஸில் திரும்பாது.

எஞ்சின் வேகம் கூடும்போது ஸ்பீக்கரில் 'ஙொய்ய்' என்று ஒரு சத்தமும் கூடுகிறது. (திருச்சி வாசகர்)

எர்த் கோளாறு. ஆம்பின் எர்த்தைப் பெயின்ட் பூசிய சட்டத்தில் முடுக்கியிருப்பார்கள். பேட்டரியின் நெகட்டிவுக்கே நேராகக் கொண்டுபோங்கள். சிக்னல் வயரையும் பவர் வயரையும் ஒரே கட்டாகக் கட்டியிருந்தால் பிரியுங்கள்.

வாட்டர்புரூஃப் ஸ்பீக்கர் போட்டிருக்கிறேன். வாட்டர் சர்வீஸ் கடையில் பிரஷரில் அடிக்கலாமா?

கூடாது. மழை வேறு, பிரஷர் துப்பாக்கி வேறு.

சாடில்பேக் (பின்பக்கப் பெட்டி) மூடியில் 6x9 அங்குல ஸ்பீக்கர் போட்டேன். முன்பு இருந்த பேஸும் போய்விட்டது. ஏன்? (சிங்கப்பூர் வாசகர்)

ஏதோ ஒன்றின் வயர் தலைகீழாக மாட்டியிருக்கிறது. ஒன்று வெளியே தள்ளும்போது மற்றது உள்ளே இழுத்தால் பேஸ் ஒன்றையொன்று தின்றுவிடும். ஒன்றரை வோல்ட் பென் டார்ச் பேட்டரியை ஸ்பீக்கர் வயரில் பிளஸ்ஸுக்குப் பிளஸ்ஸாக ஒரு கணம் தொடுங்கள். கூம்பு வெளியே வர வேண்டும். உள்ளே போனால் அதுதான் குற்றவாளி. ஆம்பிலிருந்து கழற்றிவிட்டுச் செய்யுங்கள்.

முன் ஃபேரிங் (முகப்பு உறை) ஸ்பீக்கருக்கு ஹை-பாஸ் ஃபில்டரை (தாழ்ந்த ஒலியைத் தடுப்பதை) 80 முதல் 100 ஹெர்ட்ஸில் வையுங்கள். திறந்த ஃபேரிங்கில் அதற்குக் கீழே பேஸ் தேடினால் கூம்புதான் கிழியும்.

கெயின் திருகை முழுதாக வைக்கலாமா? (சேலம் வாசகர்)

அது ரேடியோ சிக்னலுக்கு ஆம்பைப் பொருத்துகிற திருகு, வால்யூம் இல்லை என்று எழுதி எழுதிக் கை ஓய்ந்துவிட்டது. ஸ்பீக்கரைக் கழற்றி, ரேடியோவை முக்கால் ஒலியில் வைத்து, ஒரு கிலோஹெர்ட்ஸ் டோனை ஓடவிட்டு, ஆம்பின் வெளியீட்டில் ஏசி வோல்ட்டை அளந்தபடி கெயினை மெதுவாகத் திருகுங்கள். 4 ஓமுக்கு 50 வாட் ஆம்பானால் 14 வோல்ட் வந்ததும் நிறுத்துங்கள். வாட்டை ஓமால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் உங்கள் ஆம்பின் எண் வந்துவிடும்.

வண்டியை நிறுத்திவிட்டு எஞ்சின் இல்லாமல் எவ்வளவு நேரம் பாட்டுக் கேட்கலாம்?

ஹார்லி போன்ற பெரிய வண்டியில் ஒரு மணி நேரம், அதுவும் மிதமான ஒலியில். மீட்டரில் 12.2 வோல்ட் வந்ததும் அணைத்துவிடுங்கள். 370 கிலோ வண்டியைத் தள்ளி ஸ்டார்ட் செய்ய ஆள் பிடிப்பது சுலபமல்ல.