ஹெச்-4 விசாவில் வந்து நாலு மாதமான தங்கைக்கு

ஆறு வருடம் சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை பார்த்துவிட்டு, கல்யாணமாகி ஹெச்-4 விசாவில் (ஹெச்-1பி வேலை விசாவில் இருப்பவரின் மனைவிக்குக் கிடைப்பது) அமெரிக்கா வந்து நாலு மாதம் ஆகிறது, சொந்தமாகக் கையில் ஒரு டாலர் இல்லை, எதற்கும் கணவரிடம்தான் கேட்க வேண்டியிருக்கிறது, எனக்கு ஒன்றுமே தெரியாது போலத் தோன்ற ஆரம்பித்துவிட்டது, என்ன செய்யட்டும் என்று கேட்டிருந்தீர்கள். படித்ததும் மனசு கனத்துப்போனது. நானும் அதே விசாவில் 2012-இல் வந்தவள். அப்போது ஹெச்-4-க்கு வேலை அனுமதியே கிடையாது, 2015 மே மாதம்தான் எங்களில் சிலருக்கு வேலை அனுமதி தரும் விதி வந்தது.

முதலில் கணவரிடம் ஒன்று கேளுங்கள்: ஐ-140, அதாவது கிரீன் கார்டுக்காக அவர் கம்பெனி போடும் மனு, அப்ரூவ் ஆகிவிட்டதா? ஆகியிருந்தால் நீங்கள் ஐ-765 விண்ணப்பம் போட்டு ஈஏடி என்ற வேலை அனுமதி அட்டையை வாங்கலாம். இல்லையென்றால், கிரீன் கார்டு வேலையை எப்போது தொடங்குவார்கள் என்று கம்பெனியில் கேட்கச் சொல்லுங்கள். பல வீடுகளில் இந்தப் பேச்சே நடப்பதில்லை, அவர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடுகிறார்கள். அந்தக் காகிதத்தை நம்பித்தான் உங்கள் வேலை இருக்கிறது, அது எங்கே நிற்கிறது என்று உங்களுக்குத் தெரிய வேண்டாமா?

ஆனால் ஈஏடி வரட்டும் என்று சும்மா காத்திருக்காதீர்கள். நான் மூன்று வருடம் காத்திருந்தேன். வங்கிக் கணக்கு, கார்டு, அபார்ட்மென்ட் லீஸ் எல்லாமே அவர் பெயரில். பிறகு எனக்கு வேலை கிடைத்து, ஆசையாகச் சொந்தக் கார்டுக்கு விண்ணப்பித்தால், கிரெடிட் வரலாறே (கடனை வாங்கி ஒழுங்காகக் கட்டிய பதிவு) இல்லை என்று மறுத்துவிட்டார்கள். மூன்று வருடம் இந்த நாட்டில் வாழ்ந்ததற்கே தடயம் இல்லையே என்று அன்று இரவெல்லாம் அழுதேன்.

அதனால் உங்கள் பெயரை இப்போதே பதிவுகளில் ஏற்றுங்கள். வேலை அனுமதி இல்லாமல் எஸ்எஸ்என் (சோஷியல் செக்யூரிட்டி எண்) கிடைக்காது, சரி, வரித் தாக்கலோடு டபிள்யூ-7 படிவம் கொடுத்து ஐடிஐஎன் என்ற வரி எண்ணை வாங்கப் பாருங்கள். எஸ்எஸ்என் இல்லாமலே ஜாயின்ட் கணக்கு திறக்கும் வங்கிகள் உண்டு. அவர் கார்டில் உங்களையும் சேர்க்கச் சொல்லுங்கள், லீஸில் இருவர் பெயரும் வரட்டும். அப்புறம், மாதாமாதம் ஒரு தொகை உங்கள் கைக்கு வர வேண்டும், செலவுக்குக் கணக்குச் சொல்லத் தேவையில்லாத பணமாக. கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும், கேளுங்கள். நீங்கள் வேலையை விட்டுவிட்டு வந்ததால்தான் இரண்டு பேரும் இங்கே ஒன்றாக இருக்கிறீர்கள், அந்தச் சம்பளத்தில் உங்களுக்கும் உரிமை இருக்கிறது.

படிப்புக்குத் தனி விசா தேவையில்லை, ஹெச்-4-இலேயே கம்யூனிட்டி காலேஜில் சேரலாம், கட்டணம் மட்டும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். டெஸ்டிங்கைத் தானாக ஓடவைக்கும் ஆட்டோமேஷன் பக்கம் ஏதாவது எடுங்கள். தொண்டு நிறுவனங்களில் தன்னார்வமாக உதவலாம், ஆனால் அனுபவத்துக்காகச் சம்பளமில்லாமல் ஒரு கம்பெனிக்கு டெஸ்டிங் செய்து தருகிறேன் என்று போய்விடாதீர்கள், அது அனுமதியில்லாத வேலையாகிவிடக்கூடும். பழைய கம்பெனிக்கு இங்கிருந்தே வேலை செய்வதும் அப்படித்தான், இமிக்ரேஷன் வக்கீலைக் கேட்காமல் தொடவே தொடாதீர்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால் டிரைவிங் லைசென்ஸ். எனக்குத் தைரியம் திரும்பி வந்தது முதல் சம்பளத்தில் இல்லை, தனியாக ஃப்ரீவேயில் ஏறி, நூலகத்துக்குப் போய், யாரையும் எதிர்பார்க்காமல் வீடு திரும்பிய அந்த மத்தியானத்தில்தான்.

ஐ-140 விவரம் தெரிந்ததும் எழுதுங்கள். ரெஸ்யூமேயில் இந்த இடைவெளியை எப்படிக் காட்டுவது என்று சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம்.