ஃபியூஷன் 10 கோப்பு வரம்பு: சந்தா இல்லாமல் வழி

ஆட்டோடெஸ்கின் 3டி வடிவமைப்பு மென்பொருளான ஃபியூஷன் 10 டிசைனோடு நிறுத்திவிடுகிறது, சந்தா கட்டுவதா, கிராக் (திருட்டு நகல்) போடுவதா என்று கேட்டிருந்தீர்கள். சந்தா கட்ட வேண்டாம், கிராக் பக்கமும் போக வேண்டாம். முடிந்துபோன ஒரு டிசைனைப் 'படிக்க மட்டும்' நிலைக்கு மாற்றுங்கள், உங்கள் 11-ஆவது டிசைன் திருத்தத் திறந்துவிடும். ஃபியூஷனின் இலவசத் தனிநபர் உரிமத்தில் 10 என்பது திருத்தும் நிலையில் உள்ள கோப்புகளுக்குத்தான், சேமிப்புக்கு அல்ல.

நீங்கள் சொன்ன விளக்குப் பெட்டிக்கு உடல், மூடி, கீல் என்று மூன்று கோப்பு வைத்திருக்கிறீர்கள். அந்தப் பத்தில் இடம் போவது அங்கேதான் என்று நினைக்கிறேன். மூன்றையும் ஒரே கோப்புக்குள் தனித்தனி காம்பொனென்ட்டாக (உறுப்பாக) வைத்துப் பாருங்கள்.

வரம்பே வேண்டாம் என்றால் ஃப்ரீகேட் என்ற இலவச 3டி வடிவமைப்பு மென்பொருள் இருக்கிறது. அதில் முன்பு அடிப்பகுதியின் அளவை மாற்றினால் மேலே போட்ட துளை எங்கோ போய் நிற்கும். 2024 நவம்பரில் வந்த 1.0 பதிப்பில் அந்தத் தொல்லை வெகுவாகக் குறைந்துவிட்டது. தைரியமாகப் போகலாம்.

ஃப்ரீகேடுக்கு மாறுவதற்கு டிசைனை ஸ்டெப் (பல வடிவமைப்பு மென்பொருள்களும் திறக்கும் பொது வடிவம்) கோப்பாக ஏற்றுமதி செய்யுங்கள். ஆனால் ஸ்கெட்சும் (அடிப்படை 2டி கோட்டு வரைபடம்) படிப்படியாகச் செய்த வரலாறும் கூட வராது, வெறும் திடவடிவம்தான் வரும். அதனால் முதலில் ஒரு சின்ன டிசைனில் பாருங்கள், மூலக் கோப்பை அழித்துவிடாதீர்கள்.

அப்புறம், பிரவுசரிலேயே ஓடும் வடிவமைப்பு மென்பொருளான ஆன்ஷேப்பிலும் இலவசத் திட்டம் உண்டு, ஆனால் அதில் உங்கள் டிசைன்களை எல்லோரும் பார்க்கலாம்.