மணிக்கட்டு வலிக்கு உருவி விடலாமா, ஊசி போடலாமா?

கேள்வி: எனக்கு 44 வயது. வீட்டிலேயே ஜாக்கெட் தைத்துக் கொடுக்கிறேன். இரண்டு மாதமாக வலது மணிக்கட்டில், கட்டைவிரல் பக்கமாக வலி, சின்ன வீக்கம். துணி பிழிய முடியவில்லை, குக்கரைத் தூக்க முடியவில்லை. டாக்டர், "பர்சைடிஸ் மாதிரி இருக்கு, ஒரு ஊசி போட்டால் சரியாகும்" என்றார். சர்க்கரை இருப்பதால் ஊசி என்றாலே பயம். மாமியார் சுளுக்கு எடுக்கச் சொல்கிறார். என்ன செய்யட்டும்?

பதில்: முதலில், உருவ வேண்டாம். உங்கள் மாமியார் அக்கறையில்தான் சொல்கிறார். ஆனால் இது பிசகிப்போன நரம்பு இல்லை, இழுத்துச் சரிசெய்ய அங்கே எதுவும் இல்லை. ஏற்கெனவே உரசித் தடித்த இடத்தை எண்ணெய் போட்டு அழுத்தி நீவினால் வீக்கம்தான் கூடும்.

பர்சைடிஸ் என்றால் பர்சா வீங்குவது. பர்சா என்பது எலும்பும் தசைநாணும் (தசையை எலும்போடு இணைக்கும் கயிறு போன்ற பகுதி) உரசாமலிருக்க இடையில் உடம்பு வைத்திருக்கும் மெல்லிய பை. உள்ளே வழவழப்பான திரவம் கொஞ்சம் இருக்கும். தோளிலும் முழங்கையிலும் முட்டியிலும் அது வீங்குவது சகஜம். மணிக்கட்டில் தனியாக ஒரு பர்சா வீங்குவது அபூர்வம். அங்கே தசைநாண்களைச் சுற்றி நீளமான உறைகள் இருக்கின்றன. உள்ளங்கைப் பக்கத்து இரண்டு பெரிய உறைகளுக்கு உடற்கூற்றியலிலேயே பர்சா என்றுதான் பெயர். அதனால் உறை வீக்கத்தையும் பர்சைடிஸ் என்று சொல்லிவிடுவது உண்டு.

நீங்கள் சொல்லும் இடத்தையும் வேலையையும் பார்த்தால் எனக்கு டி குவெர்வான் நோய் என்றுதான் தோன்றுகிறது. 1895-இல் இதை விவரித்த ஸ்விஸ் அறுவை மருத்துவரின் பெயர் அது. கட்டைவிரலை அகல விரிக்கும் இரண்டு தசைநாண்கள், மணிக்கட்டின் ஓரத்தில் எலும்பு லேசாகப் புடைத்திருக்கும் இடத்தில் ஒரு குறுகலான சுரங்கத்துக்குள் போகின்றன. அந்தச் சுரங்கத்தின் சுவர் தடித்தால் நாண் சிக்கிச் சிக்கி நகரும். கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி, மற்ற விரல்களால் மூடி, கையைச் சுண்டுவிரல் பக்கம் மெதுவாகச் சாய்த்துப் பாருங்கள். அந்தப் புடைப்பில் சுரீரென்று இழுத்தால் சந்தேகம் வலுக்கிறது. ஒரு முறை பார்த்தால் போதும், திரும்பத் திரும்பச் செய்ய வேண்டாம்.

உங்கள் கத்தரிக்கோலைக் கையில் எடுத்துப் பாருங்கள். துணியை வெட்டும்போது முழுக் கையும் சேர்ந்து அழுத்துகிறது. ஆனால் ஒவ்வொரு வெட்டுக்குப் பிறகும் அந்தக் கனமான இரும்பைத் திறப்பது கட்டைவிரல்தான், அதாவது இதே இரண்டு நாண்கள்தான். ஒரு ஜாக்கெட்டுக்கு எத்தனை முறை திறக்கிறீர்கள் என்று எண்ணிப் பார்த்தால் உங்களுக்கே புரியும். அப்புறம் துணி பிழிவது, குக்கரை ஒரு கையால் தூக்குவது. கைக்குழந்தையைத் தூக்கும் அம்மாக்களுக்கும் இதே வலி நிறைய வருகிறது.

எனவே முதல் மருந்து ஓய்வு. மருந்துக்கடையில் கிடைக்கும் எலாஸ்டிக் பட்டை மணிக்கட்டை மட்டும் பிடிக்கும், கட்டைவிரலை விட்டுவிடும். கட்டைவிரலையும் சேர்த்து அசையாமல் பிடிக்கும் ஸ்ப்ளின்ட் (தாங்குபட்டை) என்று கேட்டு வாங்குங்கள். மூன்று நான்கு வாரம் போடுங்கள். குளிக்கும்போது கழற்றி, விரலை வலிக்காத அளவுக்கு அசைத்துவிட்டு மறுபடி மாட்டுங்கள். ஐஸைத் துணியில் சுற்றிப் பத்து நிமிடம், ஒரு நாளைக்கு மூன்று முறை வைக்கலாம். டைக்ளோஃபினாக் ஜெல்லை மேலாகத் தடவினால் போதும், தேய்க்கக் கூடாது. வலி மாத்திரையைக் கடையில் நீங்களாகவே வாங்கிப் போடாதீர்கள். சர்க்கரை உள்ளவர்கள் சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று பார்த்த பிறகே அதைச் சாப்பிட வேண்டும்.

இதற்கும் அடங்காவிட்டால் ஊசி. அது ஸ்டீராய்டு, அந்த உறைக்குள் போடும் சிறிய அளவு. பலருக்கு ஒரே ஊசியில் வலி போய்விடுகிறது. உங்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது: ஊசிக்குப் பிறகு சில நாட்கள், சிலருக்கு ஒரு வாரம்வரை, சர்க்கரை ஏறும். அதனால் சர்க்கரை கட்டுக்குள் இருக்கும் சமயமாகப் பார்த்துப் போடுங்கள், அந்த வாரம் வீட்டிலேயே தினமும் சோதித்துக்கொள்ளுங்கள், அளவு கூடினால் மருந்தை எப்படி மாற்றுவது என்று முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஊசி போட்ட இடத்தில் தோல் கொஞ்சம் வெளுக்கவும் செய்யலாம். ஊசியும் பலிக்காதவர்களுக்கு, அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து சுரங்கத்தைத் திறந்துவிடும் சின்ன அறுவை சிகிச்சை இருக்கிறது.

இன்னொன்றைத் தையல்காரர்கள் எல்லோருக்கும் சொல்வேன். தையல் ஊசி விரலில் குத்தி, பிறகு அந்த விரல் முழுக்க வீங்கி, மடங்கியபடியே நின்று, நீட்டினால் உயிர் போகிற மாதிரி வலித்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். சுண்டுவிரல் உறையும் கட்டைவிரல் உறையும் பலருக்கு மணிக்கட்டு வழியாகத் தொடர்புள்ளவை. ஒன்றில் பிடித்த சீழ் மற்றதற்குத் தாவும். சர்க்கரை உள்ளவர்களுக்கு அது இன்னும் வேகமாகப் பரவும்.

உள்ளங்கைப் பக்கம் அதிகம் வலிக்காமல் மாதக்கணக்கில் மெதுவாகப் பெருகும் வீக்கம் வேறு. அது உறையில் பிடித்த காசநோயாக இருக்கலாம். உள்ளே அரிசி மணி போன்ற துணுக்குகள் இருக்கும். அதில் ஸ்டீராய்டு ஊசி போடவே கூடாது. காசநோய்க்கு அரசு மருத்துவமனையில் மருந்து இலவசம். இரண்டு மணிக்கட்டும் சேர்ந்து வீங்கி, காலையில் வெகுநேரம் விறைப்பாக இருந்தால் முடக்குவாதத்துக்கான ரத்தப் பரிசோதனை தேவை.

வலி குறைந்து தைக்க உட்காரும்போது, தானாகத் திறந்துகொள்ளும் ஸ்ப்ரிங் கத்தரிக்கோல் ஒன்று வாங்குங்கள். முதல் இரண்டு வாரம் வெட்டும் வேலையை வேறு யாரிடமாவது கொடுத்துவிட்டு, மிஷினில் தைப்பதை மட்டும் நீங்கள் பாருங்கள்.