ஃபேபரா, லூக் ஹியூஸா? ஒரே 47 புள்ளிக்குள் இரண்டு வேறு டிஃபென்ஸ்மேன்கள்: கேள்வி பதில்

மினசோட்டா வைல்டின் பிராக் ஃபேபர், நியூ ஜெர்ஸி டெவில்ஸின் லூக் ஹியூஸ்: இரண்டு டிஃபென்ஸ்மேன்கள், அதாவது ஐஸ் ஹாக்கியின் தடுப்பாட்டக்காரர்கள். இருவருக்கும் 2023-24தான் என்எச்எல்லில் (வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீக்) முதல் முழு சீசன். சிறந்த ரூக்கிக்கான (புதுமுக வீரருக்கான) கால்டர் விருதின் கடைசி மூவரில் கானர் பெடார்டோடு நின்றவர்கள் இந்த இருவரும். அவர்களைப் பற்றி வந்த கேள்விகளும் பதில்களும் கீழே.

கேள்வி: ரெண்டு பேரும் 82 மேட்ச், 47 பாயிண்ட். அப்போ ரெண்டு பேரும் ஒரே தரம்னு சொல்லிடலாமா?

சொல்ல முடியாது. ஃபேபர் 8 கோல், 39 அசிஸ்ட் (கோலுக்கு வழி செய்த பாஸ்; கோலுக்கும் அசிஸ்டுக்கும் தலா ஒரு புள்ளி). ஹியூஸ் 9 கோல், 38 அசிஸ்ட். தாளில் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கிறார்கள். ஆனால் ஃபேபர் ஆட்டத்துக்குச் சராசரியாக 25 நிமிடத்தை ஒட்டி ஆடினார், ஹியூஸ் 21 நிமிடத்துக்குச் சற்று மேல். டிஃபென்ஸ்மேன்களில் 25 நிமிடம் ஆடுபவர்கள் லீகிலேயே கொஞ்சம் பேர்தான். ஒரு ரூக்கிக்கு அவ்வளவு நேரம் கொடுத்தார்கள் என்பதே கோச்சின் தீர்ப்பு.

அந்த நிமிடங்கள் எப்படிக் கிடைத்தன என்றும் பாருங்கள். மினசோட்டாவின் கேப்டன் ஜாரெட் ஸ்பர்ஜன் காயத்தால் அந்த சீசனில் 16 ஆட்டம்தான் ஆடினார். அவர் விட்ட வலப்பக்க முதல் ஜோடி இடம் அப்படியே ஃபேபரிடம் வந்தது: எதிரணியின் முதல் லைனுக்கு (சிறந்த தாக்குதல் மூவருக்கு) எதிரான நேரம், பெனால்டி கில் (தண்டனையால் நம் அணியில் ஓர் ஆள் குறைந்த நேரம்), போதாததற்கு பவர் ப்ளேயும் (எதிரணியில் ஓர் ஆள் குறைந்த நேரம்). நியூ ஜெர்ஸியில் டூகி ஹாமில்டன் 20 ஆட்டத்தோடு மார்புத் தசை கிழிந்து வெளியேறினார். பவர் ப்ளேயில் வலையிலிருந்து தள்ளி மேல்முனையில் நின்று தாக்குதலை நடத்தும் அவருடைய இடம் ஹியூஸுக்கு வந்தது. இரண்டு வாய்ப்பும் காயத்தால் வந்தவைதான். ஒருவருக்குக் கிடைத்தது சுமை, மற்றவருக்குக் கிடைத்தது வாய்ப்பு.

கேள்வி: குறைந்த நேரத்தில் அதே புள்ளி என்றால் ஹியூஸ்தானே திறமைசாலி?

60 நிமிடத்துக்கு எத்தனை புள்ளி என்று கணக்கிட்டால் உங்கள் பக்கம்தான் வரும். புள்ளியை 60-ஆல் பெருக்கி, ஆடிய மொத்த நிமிடத்தால் வகுக்க வேண்டும். ஃபேபருக்குச் சுமார் 1.4, ஹியூஸுக்குச் சுமார் 1.6. ஆனால் இதில் எல்லா வகை நேரமும் கலந்து கிடக்கிறது. பவர் ப்ளேயில் ஐந்து பேர் நான்கு பேரை எதிர்த்து ஆடுகிறார்கள். அங்கே பக்கை (ஆட்டத்தின் ரப்பர் வட்டை) ஸ்டிக்கில் வைத்திருக்கும் டிஃபென்ஸ்மேனுக்கு இரண்டாவது அசிஸ்ட் (கடைசி பாஸுக்கு முந்தைய பாஸ்) சுலபமாக வரும். பெனால்டி கில்லில் அநேகமாக எதுவுமே வராது. ஆகவே முதலில் ஐந்துக்கு ஐந்து நேரத்துப் புள்ளிகளைத் தனியே எடுங்கள். அதிலும் முதல் அசிஸ்ட், இரண்டாம் அசிஸ்ட் என்று பிரித்துப் பாருங்கள். இரண்டாம் அசிஸ்ட் ஒரு சீசனில் குவிந்து அடுத்த சீசனில் காணாமல் போகக்கூடியது. ஒரே ஒரு சீசனை வைத்து டிஃபென்ஸ்மேனின் தாக்குதல் திறனை எடைபோட வேண்டுமென்றால் நான் ஐந்துக்கு ஐந்து முதல் அசிஸ்ட்டையும், பக்கைத் தானே எடுத்துச் சென்று எதிரணி ப்ளூ லைனை (தாக்குதல் பகுதி தொடங்கும் கோட்டை) கடந்த எண்ணிக்கையையும்தான் நம்புவேன்.

கேள்வி: ஐஸில் இவர்கள் ஆட்டத்தில் கண்ணுக்குத் தெரிகிற வித்தியாசம் என்ன?

ஹியூஸ் 6 அடி 2 அங்குலம். அந்த உயரத்தில் அவ்வளவு இலகுவாகப் பக்கவாட்டில் நகர்பவர்கள் அரிது. எதிரணி ப்ளூ லைன் மீது பக்கை வாங்கியதும் அவர் பாஸ் பார்ப்பதில்லை, தன்னை மறிக்க வரும் விங்கரின் (ஓரமாக ஆடும் தாக்குதல் வீரரின்) கால்களைப் பார்க்கிறார். தோளை ஒரு பக்கம் சாய்ப்பார். விங்கரின் ஸ்கேட் முனை அந்தப் பக்கம் திரும்பிய கணமே, எட்ஜை (ஸ்கேட் பிளேடின் விளிம்பை) மாற்றி மறுபக்கம் உள்ளே வெட்டிவிடுவார். விங்கர் திரும்பி வேகமெடுப்பதற்குள் இவர் ஷூட்டிங் இடத்துக்கு வந்திருப்பார். இந்த ஒன்றைச் சொல்லிக்கொடுத்து வரவழைக்க முடியாது.

அதற்கு விலையும் உண்டு. ப்ளூ லைனில் அவர்தான் கடைசி ஆள். வெட்டும்போது பக் பறிபோனால் எதிரணிக்கு இரண்டுக்கு ஒன்று (இருவர் வர, ஒருவர் மட்டும் தடுக்கும்) ஓட்டம் கிடைக்கும். ரூக்கி சீசனில் அது அடிக்கடி நடந்தது.

ஃபேபரின் ஆட்டம் டிவியில் பாதி தெரியாது, காரணம் அது பக் வருவதற்கு முன்பே நடந்துவிடுகிறது. எதிரணி ஆள் நடுப்பகுதியில் வேகமெடுத்து வரும்போது, பின்னோக்கி ஸ்கேட் செய்தபடியே இடைவெளியை ஒன்றரை, இரண்டு ஸ்டிக் நீளத்துக்குள் வைத்திருப்பார். ஸ்டிக் பிளேடு ஐஸில், நடுப்பக்கப் பாதையை அடைத்தபடி. வருபவருக்குத் திறந்திருப்பது ஓரப் பலகைப் பக்கம் மட்டுமே. அங்கே போனதும் தோளால் அடைத்து, பக்கை ஆழத்தில் தள்ளிவிட வைப்பார். இடைவெளி மூன்று, நான்கு ஸ்டிக் நீளமாகிவிட்டால், வருபவர் பக்கோடு ப்ளூ லைனைக் கடந்து, தலை நிமிர்ந்து பாஸ் தேட அவகாசம் கிடைத்துவிடும். கட்டுப்பாட்டோடு உள்ளே நுழைந்த தாக்குதல், பக்கை உள்ளே எறிந்து துரத்துகிற தாக்குதலைவிடக் கணிசமாக அதிக ஷாட்டுகளைத் தரும். ஃபேபரின் மதிப்பு அந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது.

கேள்வி: லூக் ஹியூஸோட ப்ளஸ்-மைனஸ் ரூக்கி வருஷம் இருபதைத் தாண்டின மைனஸ். தடுப்பாட்டமே வராதுன்னு எங்க ஆளுங்க சொல்றாங்க சார்.

ப்ளஸ்-மைனஸ் (நாம் ஐஸில் இருக்கும்போது நம் அணி கோல் போட்டால் ப்ளஸ், எதிரணி போட்டால் மைனஸ்) எப்படி எண்ணப்படுகிறது என்று தெரிந்தால் அந்த வாதம் பாதி கரைந்துவிடும். பவர் ப்ளேயில் நம் அணி கோல் போட்டால் யாருக்கும் ப்ளஸ் கிடையாது. அதே பவர் ப்ளேயில் எதிரணி கோல் போட்டால் ஐஸில் இருக்கும் அனைவருக்கும் மைனஸ். அணி பின்தங்கி, கோல்கீப்பரை வெளியே எடுத்து ஆறாவது ஆளை இறக்கும்போது எதிரணி வெறும் வலையில் அடித்தாலும் மைனஸ்தான். பவர் ப்ளேயை நடத்துகிறவரும், கடைசி நிமிடத்தில் கோல் தேடி இறக்கப்படுகிறவரும் ஒரே ஆள்: ஹியூஸ். அந்த ஆண்டு டெவில்ஸ் ப்ளேஆஃபுக்கே போகவில்லை, பின்தங்கிய நேரம் ஏராளம். கோல்கீப்பிங்கும் மிக மோசம். அதனால்தான் சீசன் நடுவிலேயே கோல்கீப்பர்களை மாற்றினார்கள், 2024 கோடையில் யாக்கோப் மார்க்ஸ்ட்ரோமை வாங்கினார்கள்.

மீதிப் பாதி உண்மை, அதை மறைக்க வேண்டாம். சொந்த எல்லை மூலையில் பக்கை மீட்கப் போகும்போது, தொடுவதற்கு முன் இரு தோள்களுக்கு மேலும் திரும்பிப் பார்த்திருக்க வேண்டும். ஹியூஸ் ஒரு முறை பார்த்துவிட்டுத் தன் வேகத்தை நம்பிவிடுவார். முதல் ஃபோர்செக்கரை (பக்கைப் பறிக்க நம் எல்லைக்குள் பாயும் எதிரணி ஆளை) ஏமாற்றிவிடுவார், இரண்டாமவர் அங்கே காத்திருப்பார். அடுத்தது, வலைக்கு முன்னால் நிற்கும்போது பக்கையே பார்த்துக்கொண்டு முதுகுக்குப் பின்னால் நழுவும் ஆளை விட்டுவிடுவது. இரண்டுமே பழக்கம் சார்ந்த குறைகள், வயதோடும் வீடியோ பயிற்சியோடும் திருந்துபவை. கால் மெதுவாக இருந்திருந்தால்தான் கவலைப்பட்டிருப்பேன்.

கேள்வி: ஃபேபர் அடுத்த வருடமே 29 புள்ளிக்கு இறங்கிவிட்டாரே? 47 என்பது தற்செயல்தானா?

2024-25-ல் 78 ஆட்டம், 10 கோல், 19 அசிஸ்ட். கோல் கூடியிருக்கிறது, அசிஸ்ட் பாதியாகியிருக்கிறது. அசிஸ்ட் என்பது நாம் கொடுத்த பக்கை இன்னொருவர் வலைக்குள் போட்டால்தான் வரும். அந்த ஆண்டு அணியின் நட்சத்திரத் தாக்குதல் வீரர் கிரில் கப்ரிசோவ் பாதி சீசன், அதாவது 41 ஆட்டம்தான் ஆடினார். நடுத்தர அணிகளில் அப்படிப்பட்ட ஒருவர் இல்லாமல் போனால் டிஃபென்ஸ்மேன்களின் அசிஸ்ட்தான் முதலில் வற்றும். ஸ்பர்ஜனும் திரும்பி வந்து தாக்குதல் நேரத்தைப் பங்கிட்டார். ஃபேபரின் தடுப்பாட்ட நேரம் மட்டும் குறையவே இல்லை.

ஆனால் அவரிடம் 60, 70 புள்ளி எதிர்பார்ப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மினசோட்டா பல்கலைக்கழகத்தில் கேப்டனாக இருந்த கடைசி ஆண்டில்கூட அவர் 30 புள்ளியைத் தொடவில்லை. ஹியூஸ் மிச்சிகனில் முதலாண்டிலேயே 17 கோல் அடித்தவர். ஃபேபரின் இயல்பான இடம் 30 முதல் 45 புள்ளி வரை என்றுதான் நான் கருதுகிறேன், அது ஒரு குறையும் இல்லை.

கேள்வி: இப்போ க்வின் ஹியூஸ் மினசோட்டாவுக்கு வந்துட்டாரே, ஃபேபரை எப்படி அளக்கிறது?

லூக்கின் மூத்த அண்ணன், 2024-ல் சிறந்த டிஃபென்ஸ்மேனுக்கான நாரிஸ் விருது வென்றவர், 2025 டிசம்பரில் வாங்கூவரிலிருந்து மினசோட்டாவுக்கு மாறி ஃபேபரின் ஜோடியாகவே ஆடத் தொடங்கினார்.   பக்கை வெளியே கொண்டு போகும் வேலையைப் பெரும்பாலும் க்வின் எடுத்துக்கொள்வார். ஆகவே இனி ஃபேபரின் ஷாட் பங்கு, புள்ளி எல்லாம் உயர்ந்து தெரியும். அதை அப்படியே அவர் கணக்கில் எழுதாதீர்கள். இருவரும் சேர்ந்த நேரம், க்வின் மட்டும் இருந்த நேரம், ஃபேபர் மட்டும் இருந்த நேரம் என மூன்றாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் நம் ஷாட் முயற்சி எத்தனை சதவீதம் என்று பாருங்கள். தனித்த நேரம் 200 நிமிடத்துக்குக் கீழே இருந்தால் அந்த எண்ணை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

கேள்வி: ஒப்பந்தத்தில் யார் லாபம்?

ஃபேபர் 2024 ஜூலையில் 8 ஆண்டுக்கு, ஆண்டுக்கு 85 லட்சம் டாலர் என்று கையெழுத்திட்டார். அது 2025-26-ல் தொடங்கியது. ஹியூஸ் பேச்சு இழுத்து, 2025 அக்டோபரில் 7 ஆண்டுக்கு, ஆண்டுக்கு 90 லட்சம் டாலர் என்று முடிந்தது. ஓர் அணியின் மொத்தச் சம்பள உச்சவரம்பு 2025-26-ல் 9.55 கோடி டாலர், 2027-28-க்கு அறிவித்தது 11.35 கோடி டாலர். அப்படியானால் ஃபேபரின் பங்கு 8.9 சதவீதத்திலிருந்து 7.5-க்கும், ஹியூஸின் பங்கு 9.4-லிருந்து 7.9-க்கும் இறங்கும். இரண்டும் அணிக்கு நல்ல ஒப்பந்தங்கள். வலக்கை டிஃபென்ஸ்மேன்கள் லீகில் எப்போதும் பற்றாக்குறை என்பதால் ஃபேபருடையதை ஒரு படி மேலே வைப்பேன்.

கேள்வி: இடக்கை ஆட்டக்காரரான லூக்கை வலப்பக்கம் ஆட வைத்தால் என்ன பிரச்சினை?

ஓரப் பலகையை ஒட்டி வரும் பாஸை பேக்ஹேண்டில் வாங்க வேண்டியிருக்கும். பக் துள்ளினால் ப்ளூ லைனைத் தாண்டிப் போய்விடும். சொந்த மூலையிலிருந்து பலகை வழியாக வெளியே அடிக்கும்போது உடம்பைத் திருப்ப வேண்டும், அந்த அரை வினாடியில் ஃபோர்செக்கர் வந்துவிடுவார். லாபம் தாக்குதல் பகுதியில்: நடுவை நோக்கி வெட்டும்போது ஃபோர்ஹேண்ட் தயாராக இருக்கும். ஹியூஸின் கால் வேகத்துக்கு இந்த நஷ்டத்தைச் சமாளிக்க முடியும். இருந்தாலும் 2024-25-ல் ப்ரெட் பெஷி போன்ற நிதானமான வலக்கைக்காரரோடு இடப்பக்கம் ஆடியதே அவருக்கு ஏற்ற அமைப்பு.

கேள்வி: நாங்களே பார்த்து ஒப்பிட எளிய வழி இருக்கா?

ஒரு ஆட்டத்தில் ஒரே ஆளை மட்டும் பாருங்கள், பக்கைத் துரத்தாதீர்கள். தாளில் இரண்டு கட்டம் போதும். முதல் கட்டம், மூலையில் பக்கை மீட்ட ஒவ்வொரு முறையும் முடிவு என்ன: சக வீரருக்கு பாஸ், தானே தூக்கிச் சென்றது, கண்ணாடி மேல் அடித்துத் தள்ளியது, பறிகொடுத்தது. இரண்டாம் கட்டம், அவர் பக்கமாக எதிரணி நுழைந்த ஒவ்வொரு முறையும்: பக்கோடு நுழைந்தார்களா, உள்ளே எறிந்தார்களா, கோட்டிலேயே நின்றுபோனதா. மூன்றாவது ஆட்டத்திலேயே ஆளின் குணம் தெரியத் தொடங்கும், ஆனால் சதவீதம் சொல்ல பத்து ஆட்டமாவது வேண்டும். எதிரே யார் இருந்தார்கள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். நான்காவது லைனுக்கு எதிரான பத்து தடுப்பும் லீகின் நட்சத்திரத் தாக்குதல் வீரர் மெக்டேவிட்டுக்கு எதிரான பத்து தடுப்பும் ஒன்றல்ல.

கேள்வி: ஒரே ஒருத்தரை எடுக்கணும்னா?

ஒரு கோல் முன்னிலையைக் காக்க வேண்டிய கடைசி ஐந்து நிமிடம் என்றால் யோசிக்காமல் ஃபேபர். 2025 ஃபோர் நேஷன்ஸ் (நான்கு நாடுகள்) போட்டியில் அமெரிக்கா அவரை இன்னொரு டிஃபென்ஸ்மேனான ஜேக்கப் ஸ்லேவினோடு இறக்கியது இந்தக் காரணத்துக்குத்தான்.

அடுத்த எட்டு ஆண்டுக்கு என்றால் ஹியூஸ். அவர் ஓராண்டு இளையவர். இரண்டாம் சீசனில் 71 ஆட்டத்தில் 44 புள்ளி எடுத்தார், ஆட்டச் சராசரி கூடியிருக்கிறது. திருந்தக்கூடிய குறைகளும் திருடமுடியாத திறமையும் உள்ளவர். என் தயக்கம் தோள்பட்டையைப் பற்றி மட்டும். 2024 இலையுதிர்காலத்தில் ஒரு தோள் காயம், 2025 ப்ளேஆஃபில் கரோலினாவுக்கு எதிரான முதல் ஆட்டத்திலேயே இன்னொன்று. மூலையில் பின்பக்கமாக இடி வாங்கும் வேலையில் தோள் பலவீனமானால் ஆட்டக்காரர் பக்கைச் சீக்கிரம் விட்டுவிடப் பழகுவார். ஹியூஸின் ஆட்டமே பக்கைக் கூடுதல் அரை வினாடி வைத்திருப்பதில்தான் இருக்கிறது.

கேள்வி: லேன் ஹட்சன் இருக்கும்போது இவர்களைப் பற்றிப் பேசுவானேன்?

நியாயமான கேள்வி. ஹட்சனும் டிஃபென்ஸ்மேன்தான்; 2022 டிராஃப்டில் (புது வீரர் தேர்வில்) 62-வது ஆளாக எடுக்கப்பட்டவர், 2024-25-ல் மான்ட்ரியலுக்காக 66 புள்ளி, அதில் 60 அசிஸ்ட். 1980-81-ல் லாரி மர்ஃபி வைத்த ரூக்கி டிஃபென்ஸ்மேன் அசிஸ்ட் சாதனையைச் சமன் செய்து கால்டர் விருதும் வாங்கினார். தாக்குதலில் மட்டும் பார்த்தால் மூவரில் அவரே முதல். 5 அடி 9 அங்குல உயரத்தில் வலைக்கு முன் 6 அடி 4 அங்குல ஆளை எப்படி அப்புறப்படுத்துவது என்பதற்கு அவர் ஸ்டிக்காலும் முன்யோசனையாலும் விடை தேடுகிறார். ஹியூஸுக்கு அந்தச் சிக்கல் உடலளவில் இல்லை, ஃபேபர் அதை ஏற்கெனவே தீர்த்துவிட்டார்.