ஒரே ஒரு தண்ணீர்தான் இருக்கிறது, எப்போது விடுவது? மானாவாரி எண்ணெய் வித்துகள்: கேள்வி பதில்

கேள்வி (செங்கம்): ஐயா, ஆடிப் பட்டத்தில் செம்மண்ணில் விதைத்த நிலக்கடலைக்கு இருபது நாள் ஆகிறது, மழை நின்றுவிட்டது. பண்ணைக்குட்டையில் ஒரு தண்ணீருக்குத்தான் நீர் இருக்கிறது. இப்போதே விடலாமா?

பதில்: இப்போது வேண்டாம். பூக்கும் முன் வரும் மிதமான வறட்சியை நிலக்கடலை தாங்கும். அப்படி வாடி நின்ற செடி, ஈரம் கிடைத்ததும் ஒருசேரப் பூப்பதும் உண்டு. நடுப்பகல் வாட்டத்தைக் கண்டு பதற வேண்டாம். விடியலில் பார்ப்பதிலும் பயனில்லை, ஏனெனில் கடலை இலை இரவில் தானாகவே மடங்கும். காலை எட்டு மணிக்குப் பாருங்கள். அப்போதும் இலை துவண்டு கிடந்தால்தான் செடி உண்மையில் தவிக்கிறது.

உங்கள் நீரை 40 முதல் 70 நாள் வரையிலான காலத்துக்கு வைத்திருங்கள். பூவிலிருந்து விழுது (நுனியில் காய் பிடிக்கும் காம்பு) மண்ணுக்குள் இறங்கும் காலம் அது. மேல்மண் ஓடாகக் காய்ந்திருந்தால் விழுது துளைத்து இறங்க முடியாமல் கருகும். இறங்கிய விழுதுக்கும் ஈரம் வேண்டும். காய் தனக்குரிய சுண்ணாம்புச் சத்தைத் தன்னைச் சுற்றியுள்ள மண்ணிலிருந்தே நேராக உறிஞ்சுவதால், வேர் ஆழத்தில் நீர் கண்டு இலை பச்சையாக நின்றாலும் காய் பொக்காகிவிடும். அந்தச் சுண்ணாம்புச் சத்தைத் தரும் ஜிப்சத்தை ஏக்கருக்கு 160 கிலோ இட்டு மண் அணைப்பதையும் அந்த ஈரத்தோடு சேர்த்துச் செய்யுங்கள். செடியே காய்ந்துபோகும் நிலை வந்தால் மட்டும் காத்திருக்க வேண்டாம்.

கேள்வி (போளூர்): ஒரு ஏக்கருக்கு எவ்வளவு நீர் தேவை?

பதில்: ஒரு ஏக்கரில் ஒரு மில்லிமீட்டர் உயர நீர் என்பது ஏறத்தாழ 4,000 லிட்டர், 30 மில்லிமீட்டருக்கு 1.2 லட்சம் லிட்டர். மேல்புறம் 20 மீட்டர் சதுரமும் 2 மீட்டர் ஆழமும் கொண்ட சரிவுக் கரைக் குட்டை நிரம்பினால் சுமார் 6.5 லட்சம் லிட்டர் பிடிக்கும். கசிவும் ஆவியும் போக மீதியைத்தான் கணக்கில் கொள்ள வேண்டும். செம்மண்ணில் வாய்க்காலில் விட்டால் கடைமடைக்குப் போகுமுன் நீர் இறங்கிவிடும். தெளிப்பான் அல்லது மழைத்தூவான் கொண்டு, காற்றில்லாத மாலையில் பாய்ச்சுங்கள்.

கேள்வி (விளாத்திகுளம்): கரிசலில் சூரியகாந்திக்கு?

பதில்: மொட்டு விடும்போதும் மணி பிடிக்கும்போதும் நீர் முக்கியம். பூத்திருக்கும்போது மேலிருந்து தெளித்தால் மகரந்தம் கழுவப்படும், தேனீயும் வராது. ஒன்று விட்டு ஒரு சாலில் பாய்ச்சுங்கள். கரிசல் பாளம் பாளமாக வெடிக்கும் முன்பே விட வேண்டும், வெடித்தபின் விடும் நீரில் பெரும்பகுதி வெடிப்பில்தான் போகும்.

கேள்வி (விருத்தாசலம்): எள்ளுக்கும் இதே முறையா?

பதில்: பூவும் காயும் பிடிக்கும் பருவத்தில் ஒரு மெல்லிய தண்ணீர் போதும். எள் வறட்சியைத் தாங்கும், தேங்கிய நீரைத் தாங்காது.

கேள்வி (செங்கம்): கடலை முற்றும் கடைசி மாதத்தில் நீர் கிடைத்தால் வீணா?

பதில்: வீணல்ல. அம்மாதத்து வறட்சியில் காயினுள் பூஞ்சை புகுந்து அஃப்லாடாக்சின் நச்சு சேரும் வாய்ப்பு மிகுதி. அறுவடைக்குச் சில நாள் முன் லேசாக நனைத்தால், இறுகிய மண்ணில் காய் அறுந்து தங்குவதும் குறையும்.